அவசரத்துக்கு ஒரு பெயர்

மொன்டானா,
பிப்ரவரி மாதக் கடைசி.

அன்புள்ள மார்டாவுக்கு,

நலமா என்று கேட்டால் 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் எனக்குப் பாதியில் இருமல் வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டேன். காலையில் வண்டியைச் சுற்றி வந்து சக்கரம், விளக்கு எல்லாம் பார்க்க வேண்டும் அல்லவா, அந்த ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. ஒருநாள் பின்பக்கம் போனவள் திரும்பி வர முடியாமல் பம்பரைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவள் இப்படி நிற்கக் கூடாது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாளெல்லாம் வீடுதான். நாயிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது காது கேளாத நாய்.

இத்தனை வருடமாக ஆஸ்துமா என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். புதிதாக வந்த டாக்டர் நுரையீரலில் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிவிட்டனவாம். இனி விரியாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். 'எங்கயாவது புகைக்குள்ள வேலை பாத்தீங்களா?' என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இராக்கில் நாம் பட்டாளத்து லாரி ஓட்டியபோது நம் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளத்தை அவருக்கு எப்படிச் சொல்வது? பிளாஸ்டிக், டயர், ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாவற்றையும் கொட்டி, விமான எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்களே. காலையில் போர்வையை உதறினால் கரி பறக்கும். லாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனால்தான் மூச்சு விடலாம் என்று நீ சொல்வாய். வெளியே போனால் வெடிகுண்டு.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் பேர் பதிந்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதெல்லாம் கால் போனவர்களுக்கு, கை போனவர்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நீயும் நானும் எப்போதும் சொல்வதுதானே.

எதிர்வீட்டில் வெண்டல் என்று ஒரு கிழவர் இருக்கிறார். வியட்நாம் போரில் ரோந்துப் படகில் இருந்தவர். முன்னாள் படைவீரர்களை அவர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேனைச் சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார். என் வாசல் பனியைத் தள்ளிக்கொடுக்க வந்தவர் நான் இருமுவதைக் கேட்டுவிட்டுப் போகாமல் நின்றார். என்னைவிடத் தேவைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் என்று அவரிடமும் ஆரம்பித்தேன்.

'ராணுவத்துல உன்னைக் கூப்பிட்டப்போ, என்னைவிடத் தேவையானவங்க இருக்காங்க, அவங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னியாம்மா?' என்று கேட்டார். 'நீ போகலேன்னா உன் இடம் வேற யாருக்கும் போகாது. சும்மா காலியாத்தான் கிடக்கும். செவ்வாய்க்கிழமை இருட்டோட கிளம்பணும். வாசல்ல ஹாரன் அடிக்க மாட்டேன், நீயே வந்து நில்லு' என்று சொல்லிவிட்டு மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போனேன். முன்மேசையில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, 'உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க மேடம்' என்றாள். வீட்டுக்காரர் போய் எவ்வளவோ காலமாகிறது, அவர் பட்டாளத்துக்குப் போனதே இல்லை என்றேன். 'அப்போ யாருக்காக வந்திருக்கீங்க?' என்றாள். எனக்காக என்று சொல்லவந்தேன், இருமல் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற வெண்டல்தான், 'அந்தம்மா லாரி ஓட்டினவங்க. எழுதிக்கோ' என்றார். பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சட்டம் மாறிவிட்டது மார்டா. அந்த இடத்தில் இருந்தோம் என்று காட்டினால் போதும். புகையால்தான் வந்தது என்று நாம் மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, மூச்சை அளக்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். 'ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்' என்று கத்தினவர், கணினியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'இவ்வளவு கம்மி மூச்சை வச்சுக்கிட்டா பஸ் ஓட்டினீங்க?' என்றார். பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். நான் சோம்பேறி இல்லை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண், 'அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?' என்று கேட்டாள். அம்மா இல்லை, அண்ணனோடு பேச்சு இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். உன்னைக் கேட்காமல் உன் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டேன். அலாஸ்கா என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என்ன உறவு என்றாள். 'லாரியில பக்கத்து சீட்' என்றேன். அவள் 'தோழி' என்று எழுதிக்கொண்டாள். கோபப்படாதே. யாரும் உன்னைக் கூப்பிடப்போவதில்லை.

உன் மீன் தொழிற்சாலையில் குளிர் அதிகமாக இருக்கும். கழுத்தை மூடிக்கொள்.

அன்புடன்,
நேடீன்.


மொன்டானா,
மே மாதம்.

அன்புள்ள மார்டா,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நிமோனியா. வெண்டல் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், நான் சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. பெயர் பதிந்திருந்ததால் எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தது. இப்போது ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. ஓயாமல் உறுமுகிறது. வீட்டில் ஒரு சத்தம் இருப்பதும் நல்லதுதான். குழாய் நீளமாக இருக்கிறது, அடுப்பு வரைக்கும் போகலாம், வாசல் வரைக்கும் போக முடியாது.

உன்னைக் கூப்பிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். டாரீன் என்று பெயர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. நான் கண் விழித்ததும், 'உங்க ஃப்ரெண்டு விடாம போன் பண்றாங்க. லீவு போட்டுட்டு ஜூன்ல வந்து உங்களைப் பாத்துக்கப் போறாங்களாம். குடுத்து வச்சவங்க நீங்க' என்றாள். மார்டா, யாராவது எனக்காக வருவதாகச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னாள். 'நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவங்க உங்களைவிட மோசமா இருமறாங்க. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நிறுத்தி நிறுத்தி மூச்சு விடறாங்க. நான் முதல்ல அழறாங்களோன்னு நினைச்சேன்.'

எனக்கு எவ்வளவோ கேட்க வேண்டும் போல இருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க மாட்டேன். குளிர், ஜலதோஷம், மீன் நாற்றம் என்று நீ சொல்லப்போவதையும் கேட்க மாட்டேன். ஒரே கூடாரத்தில் படுத்தோம், ஒரே காற்றைத்தான் குடித்தோம்.

அதனால் நீ ஜூனில் இங்கே வராதே. கோபமாக எழுதவில்லை. எழுதிவிட்டுப் பலமுறை அடித்தேன், திரும்ப எழுதியிருக்கிறேன். போட்ட லீவை ரத்து செய்யாதே. அந்த லீவில் ஆங்கரேஜில் இருக்கும் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ப் பேரைப் பதி. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஊது. உன் தீவிலிருந்து விமானம் மூடுபனியில் நின்றுபோனால் மறுநாள் போ. மறுநாளும் நின்றால் அதற்கு மறுநாள். இங்கே வந்து என் துணியைத் துவைத்துப் போட்டு, எனக்குத் தெரியாமல் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு நீ இருமுவதை நான் கேட்க வேண்டாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வெண்டல் காலையில் வந்து காப்பி குடித்துவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போகிறார். நாய் குழாயின் மேல் படுத்துக்கொள்கிறது, அதை நகர்த்துவதே எனக்கு உடற்பயிற்சி. ஆற்றில் பனி உடைந்துவிட்டது.

நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டதும் வெண்டலிடம் சொல்லிப் பின்னறைக் கட்டிலில் புது விரிப்பு போடவைத்துவிட்டேன். அதை எடுக்கவில்லை, இருக்கட்டும். நீ அதை நினைத்து மனதை மாற்றிக்கொள்ளாதே. முதலில் ஆங்கரேஜ்.

நீ நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு வெகுகாலம் இருக்க வேண்டும்.

உன்
நேடீன்.