என்ரை பேரில் உடைஞ்ச எதுகை

வெள்ளி, இரவு

கலியாண நாளுக்கெண்டு இவர் எனக்கு ஒரு கவிதை எழுதித் தந்தார். வாசிச்சுக் கண் கலங்கினது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எதுகை படிப்பிக்கிறவள் நான். ‘அல்லும்’, ‘கல்லும்’, ‘சொல்லும்’ எண்டு வரியள் வடிவாய்த் தொடங்குது. திரும்பத் திரும்ப வாற கடைசி வரி மட்டும் ‘சுகந்தி, என் மனமெல்லாம் நீ’. என்ரை பேர் வாற இடமெல்லாம் சந்தம் நொண்டுது.

“இஞ்சாருங்கோ, என்ரை பேர் எதுகைக்குப் பொருந்தேல்லையே?”

“வீட்டிலையும் ரீச்சர் வேலையோ? உமக்கெண்டுதான் எழுதினனான்!” எண்டு கத்தினார்.

ஆருக்கெண்டு நான் கேக்கவே இல்லையே.

அவர் படுத்திட்டார். அவரோட துறைமுகக் கந்தோரில் வேலை செய்யிற பெண்களின்ரை பேரை அந்த வரியில் வைச்சுப் பாத்தன். சாந்தி பொருந்தேல்லை. றஞ்சினியும் பொருந்தேல்லை.

மல்லிகா, என் மனமெல்லாம் நீ.

மோனையும் சேர்ந்தெல்லோ வருகுது.