ஒரே வீட்டில் வெயிலும் குளிரும்

பெரியவளே,

இது மூன்றாவது சீட்டு. முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

ஏசிக்காரர் வந்துவிட்டுப் போனார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. வீடு முழுக்க ஒரே மெஷின், ஆனால் உன் அறை அடுப்பாகக் கொதிக்கிறது, என் அறையில் பல் தந்தியடிக்கிறது, இது என்ன கூத்து என்று கேட்டேன். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. அந்த ரூமுக்குள்ள போற காத்து மெஷினுக்குத் திரும்பி வரணும்ல? எந்நேரமும் கதவச் சாத்தியே வச்சா எப்படி?" என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

வியாழக்கிழமை உன் அறைச் சூட்டை அளக்கிறேன் என்று தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு தட்டாமல் உள்ளே வந்தது தப்புதான். நீ போனில் அழுதுகொண்டிருந்தாய். "யாருடி அவன்?" என்று கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. என் வாய் சும்மா இருந்தால்தானே. அன்றைக்குப் போட்ட தாழ்ப்பாளை நீ இன்னும் எடுக்கவில்லை.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரையாவது கதவைத் திறந்து வை.

அம்மா

செருப்பு மாட்டிய பிறகு ஞாபகம் வந்து திரும்பி வந்தேன்: உன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இந்தச் சீட்டை நாலாக மடித்துக் கதவடியில் சொருகிவிடு.

இன்னொன்று. நான் வரும்போது கதவு திறந்தே இருந்தாலும், தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.