முதல் ஆரத்தி யாருக்கு?

மதினி,

இன்று காலை கட்சிக்காரப் பெண்கள் இரண்டு பேர் நம் தெருவுக்கு வந்தார்கள். ஒரு பித்தளைத் தாம்பாளம், மஞ்சள்தூள் பொட்டலம், சின்ன டப்பாவில் சுண்ணாம்பு. "அக்கா, வேட்பாளர் இப்ப வந்திருவாரு, ஆரத்தி கரைச்சு வச்சிருங்க" என்று என் வாசலில் வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். தண்ணீரில் மஞ்சளைக் கொட்டி, சுண்ணாம்பை விரலில் எடுத்துக் கலக்கினேன். மஞ்சள் சட்டென்று சிவந்து, அந்தக் கார வாடை மேலே வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வாடையோடு நீங்கள் வராத தேர்தலை நான் பார்த்ததில்லையே மதினி. நீங்கள் இல்லாமல் இதுதான் முதல் தேர்தல்.

உங்களுக்கும் எனக்கும் ரத்த உறவு கிடையாது. உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், நீங்கள் மதினி ஆகிவிட்டீர்கள். நான் விடிந்தால் சாமி கோயில், நீங்கள் ஞாயிறானால் மாதா கோயில். என் வீட்டுக்காரருக்குக் கோயில் தெருவில் பூசைச் சாமான் கடை, அண்ணனுக்கு விசைப்படகு. நடுவில் ஒரு சுவர். நான் மீன் ஆக்காத வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி, "ஏத்தா, நண்டுக் குழம்பு கொதிக்குது, மூக்கைப் பொத்திக்க, இல்லாட்டி உன் விரதம் போயிரும்" என்பீர்கள். எத்தனை வெள்ளிக்கிழமை மூக்கைப் பொத்தியிருப்பேன்!

உங்களுக்குக் கைராசி என்று முதலில் கிளப்பிவிட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு கவுன்சிலர் தேர்தலில் நீங்கள் முதலில் ஆரத்தி எடுத்தவர் ஜெயித்தார். அடுத்து எம்.எல்.ஏ. தேர்தலிலும் அப்படியே ஆனது. அவ்வளவுதான், தெரு முழுக்க, தெருவைத் தாண்டித் துறைமுகம் வரைக்கும், 'அந்த அக்கா யாருக்கு முதல்ல தட்டு எடுக்குதோ அவுகதான்' என்று ஆகிவிட்டது. கட்சிக்காரர் ஒருவர் சேலைப் பையோடு வந்தார். "சேலையை உங்க வீட்டம்மாவுக்குக் குடுங்க. தட்டுல போடுற காசை மட்டும் போடுங்க, அது மாதா உண்டியலுக்கு" என்று திருப்பி அனுப்பினீர்கள்.

எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை, கணக்கில்தான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள் நான். கடைக்கு வரும் பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்து, வீட்டு வரவு செலவு எழுதி எழுதித்தான் எனக்குத் தமிழும் வந்தது, கணக்கும் வந்தது. தேர்தல் வந்தால் அந்தப் புத்தி சும்மா இருக்காது. இந்தத் தொகுதி என்றால் நம் தீவு மட்டுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமநாதபுரம் டவுன் இருக்கிறது, மிளகாய் போடுகிற ஊர்கள் இருக்கின்றன, கீழக்கரை இருக்கிறது, தொண்டிப் பக்கத்துக் கடற்கரை இருக்கிறது. எந்த ஊரில் யாருக்குச் செல்வாக்கு, எந்தச் சாதிக்காரர் யார் மேல் கோபமாக இருக்கிறார், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் போனில் வீட்டுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிக் கழிப்பேன். நீங்கள் மீன் செதிள் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பீர்கள்.

"எல்லாம் சரித்தா. இவுக குடுக்குற வாக்குறுதியெல்லாம் உன் நோட்டுல எந்தப் பக்கம் எழுதுவ? வரவா, செலவா?"

"வராக்கடன் மதினி."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கூரை மேல் இருந்த காக்கை பறந்தது.

அந்த எம்.பி. தேர்தல்தான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வேட்புமனு எல்லாம் முடிந்து, மைக் கட்டிய ஆட்டோக்கள் சுற்ற ஆரம்பித்த சமயம். கடலுக்குப் போன அண்ணனை அண்டை நாட்டு நேவிக்காரர்கள் எல்லை தாண்டினார் என்று பிடித்து, படகோடும் ஆட்களோடும் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்த அன்று நீங்கள் அழவில்லை. மதியம் என் அடுப்படிக்கு வந்து, அரிசிப் பானை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் காபி கொடுத்தேன். அது ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஏத்தா, அங்கன ஜெயில்ல சோறு போடுவாகளா? அவருக்குப் பழைய சோறு இல்லாட்டி விடியாதே."

திருநீற்றை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்தேன். மாதாவைக் கும்பிடுகிற நெற்றி, நீங்கள் துடைக்கவில்லை.

அந்தத் தடவை போட்டி இரண்டு பேருக்குத்தான். ஒருவர் இந்த மண்ணுக்காரர், முன்பு நின்று தோற்றவர், பாவம் என்று ஊரில் ஓர் இரக்கம் இருந்தது. இன்னொருவர் வெளியூர்க்காரர். அவருக்குப் பணமும் கூட்டணியும் பலம். என் கணக்கில் உள்ளூர்க்காரர் கொஞ்சம் முந்தி நின்றார். கணக்கு இப்படி இழுபறியாக இருந்ததால் இரண்டு பக்கத்துக்கும் உங்கள் ராசி தேவைப்பட்டது. உள்ளூர்க்காரரின் ஆட்கள் காலையில் வந்தார்கள், வெளியூர்க்காரரின் ஆட்கள் சாயங்காலம் வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வார்த்தையைச் சொன்னது: "எங்களுக்கு முதல் ஆரத்தி எடுங்கம்மா. நாங்க டெல்லியில பேசி அண்ணனைக் கொண்டாந்திருவோம்."

நான் பயந்துபோனேன். "மதினி, ரெண்டு பேருக்கும் எடுத்திருங்க. யாரையும் பகைச்சுக்கிட்டா நாளைக்கு அண்ணனுக்கு மனுக் குடுக்க ஆள் வேணாமா?" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

"என் கையில ராசி இருந்தா அந்த மனுசன் ஏன்த்தா அங்கன கெடக்காரு?"

மறுநாள் உள்ளூர்க்காரரே நேரில் வந்தார். தெருவே கூடி நின்றது. வாசற்படியில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "அண்ணே, உங்களுக்கு என் கை வேணும், எனக்கு எங்க வீட்டுக்காரர் வேணும். அவர் இந்த வாசல்ல வந்து நிக்கிற அன்னைக்கி தட்டை எடுப்பேன். அப்ப பக்கத்துல யாரு நிக்கிறாகளோ அவுகளுக்கும் சேர்த்து எடுப்பேன். அதுவரைக்கும் தட்டு கவுத்திதான் கெடக்கும்."

வெளியூர்க்காரரிடமும் இதையே சொன்னீர்கள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அண்ணனுக்காக மனுக் கொடுக்கப் போன இரண்டு கட்சிக்காரர்களும் கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, யார் முதலில் உள்ளே போவது என்று தள்ளிக்கொண்டார்களாம். மேடைக்கு மேடை அண்ணன் பெயர் அடிபட்டது. வலை பின்னத் தெரியும், மேடை ஏறத் தெரியாது என்று இருந்த மனிதருடைய பெயரை மைக்கில் கேட்டு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள், அப்படியே அழுதீர்கள். அன்றுதான் நீங்கள் அழுது நான் பார்த்தேன்.

சாயங்காலங்களில் எங்கள் வீட்டுச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு நான் பதிகம் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஜெபமாலை சொல்வீர்கள். எனக்கு உங்கள் ஜெபம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. உங்களுக்கு என் பதிகத்தில் பாதி வந்துவிட்டது. "ரெண்டு சாமியில யாரு ஜெயிக்கிறாகன்னு உன் கணக்குல பாரு" என்று ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிச் சொன்னீர்கள். அப்போது உங்கள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஓட்டுப் போட இன்னும் சில நாட்கள்தான் என்று இருக்கும்போது, அங்குள்ள கோர்ட்டு ஆட்களை எச்சரித்து விடுதலை செய்தது. படகை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. யார் பேசியதால் விட்டார்கள், யாரும் பேசாமலே விட்டார்களா, எனக்குத் தெரியாது. சென்னை வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வேனில் அண்ணன் ஊருக்கு வந்தார். தாடி, யாரோ கொடுத்த பெரிய சட்டை. "பாத்தியாத்தா, கல்யாணமான நாள்லருந்து நான் பஸ்ஸுலயே போறேன், இவரு மட்டும் பிளேன்ல வாராரு" என்றீர்கள். தாம்பாளம் உங்கள் கையில் தளும்பி, சிவப்புத் தண்ணீர் சேலையில் வழிந்தது.

சேதி தெரிந்து இரண்டு வேட்பாளர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்தக் கார் இந்த முனையில், அந்தக் கார் அந்த முனையில். அண்ணனின் வலது தோளில் உள்ளூர்க்காரர் கை, இடது தோளில் வெளியூர்க்காரர் கை. நடுவில் அண்ணன் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தார். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டைச் சுற்றினீர்கள். மூன்று பேரையும் சேர்த்துத்தான் சுற்றியது தட்டு. பொட்டு வைத்தது அண்ணனுக்கு மட்டும். தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, "வாங்க, சோறு வடிச்சிருக்கேன்" என்று அவரை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். ஜெயிக்கப் போகிறவரும் தோற்கப் போகிறவரும் சாத்திய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

ஜெயித்தது வெளியூர்க்காரர். என் கணக்கு தப்பிவிட்டது. தட்டு முதலில் இடது பக்கம்தான் போனது என்று அவருடைய ஆட்கள் இனிப்புக் கொடுத்தார்கள். உங்களிடம் கேட்டேன். "நான் எந்தப் பக்கத்தைத்தா பாத்தேன்?" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டீர்கள்.

ஆள் வந்த சந்தோசத்தில் படகைக் கேட்க நமக்குத் தோன்றவே இல்லை மதினி. கேட்க நினைத்தபோது தேர்தல் முடிந்திருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. படகு அங்கேயே கடற்கரையில் கிடந்து உளுத்துப்போனது என்றார்கள். சொந்தப் படகில் வீல் பிடித்த அண்ணன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். நீங்கள் இறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போனீர்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. நான் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவேன். "ராசிக் கைக்கு வந்த கேட்டைப் பாத்தியாத்தா" என்று அதற்கும் சிரித்தீர்கள். அப்புறம் அந்த இருமல் வந்தது. அதன் பிறகு நீங்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கவே இல்லை. படுக்கையில் இருந்தபடி சுவரைத் தட்டுவீர்கள், நான் வருவேன். இப்போதும் சில சமயம் மதியத் தூக்கத்தில் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் பூத் சிலிப் கொடுக்க வந்தவர், உங்கள் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். நீங்கள் போன பிறகும் பட்டியலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை போல. அண்ணன் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெளிய போயிருக்கா" என்றார். நான் என் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். திருத்திச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இன்று காலை வேட்பாளர் வந்தார். புது ஆள், சின்ன வயது. பாட்டு, பட்டாசு, மாலை. நம் தெருக் கடைசி வீட்டுப் பிள்ளை, கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகாதவள், என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரனும் அவன் அண்ணனும் கடன் வாங்கிப் போட்ட படகோடு பிடிபட்டு இப்போது அக்கரையில் இருக்கிறார்கள். வேட்பாளர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "கவலைப்படாதம்மா, உன் வீட்டுக்காரரை நான் கொண்டு வாரேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. அவள் தலை ஆட்டினாள்.

என் ஆயுசில் எந்த வேட்பாளரிடமும் நான் வாய் திறந்ததில்லை. பேசுகிறவர் நீங்கள், பின்னால் நிற்கிறவள் நான். இன்று என் குரல் எனக்கே அந்நியமாக வெளியே வந்தது.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. ஆளைக் கோர்ட்டு விட்டா அவனே வந்திருவான். படகு வருமா? அதைச் சொல்லுங்க. படகு இல்லாம வந்தவுக வீடு எப்படி இருக்கும்னு நான் பக்கத்துல இருந்து பாத்தவ. இந்தப் பிள்ளை நாளைக்கி இறால் கம்பெனியில போய் உக்காரணுமா?"

வேட்பாளர் திரும்பி, பக்கத்தில் இருந்தவரிடம், "படகு நம்பரை வாங்கிக்கங்க" என்றார். அந்தப் பிள்ளை தயங்காமல் நம்பரைச் சொன்னாள், இரண்டு தடவை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதினதால் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்டாயிற்று. மைக் மறுபடி பாட ஆரம்பித்தது, கரைத்த ஆரத்தி என் வாசலிலேயே இருக்க, வண்டி நகர்ந்தது.

சரியாகத்தான் பேசினேனா என்று கேட்க, பழக்கத்தில் என் இடது பக்கம் திரும்பினேன் மதினி. அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். எப்போது என் கையைப் பிடித்தாள் என்று தெரியவில்லை. விரல் எல்லாம் சில்லென்று இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் அவள் விடவில்லை. நானும் விடவில்லை. அப்படியே என் அடுப்படிக்குக் கூட்டி வந்து, அரிசிப் பானை பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் சாப்பிடு என்றேன்.