முதல் ஐம்பது வினாடி

மார்ச் 4
எங்கள் செய்தித் தளத்தின் பாட்காஸ்டுக்கு இந்த மாதம்தான் கெடு. கேட்கிறவர்கள் கூடாவிட்டால் மூடிவிடுவாராம் முதலாளியம்மா. மூடினால் ஒலித்தொகுப்பாளன் நானும் வீட்டுக்கு. அண்ணன் அவன் கம்பெனியில் இடம் பார்த்து வைத்திருக்கிறான். "எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு எத்தன நாளுடா அடுத்தவன் இருமலை வெட்டிட்டு இருப்ப?"

மார்ச் 6
கேட்பவர்கள் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தேன். எல்லா நிகழ்ச்சியிலும் ஒரே இடம். முதல் ஐம்பது வினாடிக்குள் பாதிப் பேர் ஓட்டம். அதில் என்ன இருக்கிறது? வயலின். பிறகு, எங்கள் செய்தி ஆசிரியர் தன்னைப் பற்றித் தானே வாசிக்கும் அறிமுகம். இதை இத்தனை நாள் ஒருவரும் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார்கள். யார் சொல்வது!

மார்ச் 7
கூட்டத்தில் நான் சொன்னேன். ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.
"தம்பி, ரேடியோ காலத்துலேர்ந்து இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். நான் யாருன்னு தெரியாம எப்படிக் கேப்பாங்க?"
"தெரிஞ்சுதான் சார் ஓடறாங்க."
வாயா இது? சே.

மார்ச் 8
என் வணக்கத்தை அவர் வாங்கவில்லை.

மார்ச் 10
அவர் எடுத்த பேருந்து ஓட்டுநர் பேட்டியை வேறு மாதிரி வெட்டினேன். வயலின் இல்லை, அறிமுகம் இல்லை. எடுத்த எடுப்பில் ஓட்டுநர் குரல்: "பிரேக் பிடிக்கல. பின்னால நாப்பது பேரு." அவர் அறைக்குப் போய்ப் போட்டுக் காட்டி, அந்த இடத்தில் நிறுத்தினேன்.
"அப்புறம்?" என்றார். பேட்டி எடுத்ததே அவர்தான்!
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போடு. இது ஓடலைன்னா நீ ஓடிடு."

மார்ச் 12
வெளியிட்டாயிற்று. நிமிடத்துக்கு ஒரு தடவை வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 14
ஜெயிச்சிட்டேன்! பத்தில் எட்டுப் பேர் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையில் வரைபடத்தைப் பார்த்தார்.
"என்னய்யா, கோடு செத்தவன் இதயம் மாதிரி நேராக் கெடக்கு?"
"பெருசா யாரும் இறங்கிப் போகல சார். இங்க அதுதான் உயிரு."
முதுகில் ஒரு அறை விட்டார். இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 31
மூடவில்லை. ஒலிப்பிரிவு முழுக்க இனி என் பொறுப்பு. உதவிக்கு ஆள் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளியம்மா. அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடு.

ஏப்ரல் 9
நேர்காணல். வந்தவர்கள் எல்லாரும் எங்கள் நிகழ்ச்சி பிரமாதம் என்றார்கள். கடைசியாக வந்த பெண் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.
"போன வாரத்துது நடுவுல ஒரே ஜவ்வு சார். நான் பாதியிலயே நிறுத்திட்டேன்."
எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த நிகழ்ச்சியின் வரைபடத்தைத் திறந்தேன். நடுவில் பெரிய சரிவு.
"எப்ப வந்து சேர்றீங்க?" என்றேன்.