கொசுவலைக்குள்ளிருந்து

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் நலமாயிருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சனிக்கிழமை நீ இங்கே வராதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. என்மேல் கோபப்படு, பரவாயில்லை. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மேல்மாடிக்காரர் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தே போட்டிருந்தார். போய்ச் சத்தம் போட்டு மூடவைத்தேன்.

இனி விஷயம். ஆய்வுக்கூடத்தில் நான் வளர்க்கும் கொசுக்களைத்தான் உனக்குத் தெரியுமே. "என்னைவிட அதுகள்தான் உனக்குச் செல்லம்" என்று சின்ன வயதில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாய். காய்ச்சல் தரும் வைரஸ் உள்ளே போனால் கொசுவின் உடம்பு சும்மா இருப்பதில்லை, வைரஸைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடும். ஆனாலும் அடியோடு ஒழிக்காது. மிச்சத்தை அடக்கிவைத்துக்கொண்டு ஜம்மென்று பறக்கும். அந்த எதிர்ப்பைக் கூட்டி ஒரு கொசு வகையை உருவாக்கி, அதற்கு வைரஸ் கொடுத்துப் பார்த்தோம். அந்தக் கொசுக்களின் வயிற்றைச் சோதித்ததில் வைரஸ் ஒன்றுமே இல்லை. ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

கொசுக்களுக்கு ரத்தம் ஊட்டும் கருவி அன்று பழுது. வைரஸ் இல்லாத சுத்தமான கூண்டுகளுக்குள் கையை நீட்டிக் கடிக்கவிடுவது எனக்குப் பழக்கம்தானே. இதுவும் சுத்தம்தான் என்று நீட்டிவிட்டேன். மறுநாள் அதே கொசுக்களின் எச்சில் சுரப்பிகளைச் சோதித்தார்கள். சில கொசுக்களில் வைரஸ் அங்கே போய் ஒளிந்திருந்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளை இப்ப வரவிடாதீங்க. உங்களுக்குன்னா காய்ச்சலோட போயிடும். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு அப்படியில்ல" என்றார்.

இதுவரை காய்ச்சல் இல்லை. இன்று காலை கண்ணுக்குப் பின்னால் வலித்தது, வெயிலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பகலிலும் வலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டுக் கொசு ஒன்று என்னிடம் குடித்ததை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது. பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை.

இதைப் படித்ததும் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவருவாய், உன்னைத் தெரியாதா? வந்து நின்றாலும் கதவைத் திறக்க மாட்டேன். நீ அழுதாலும் திறக்க மாட்டேன். என்னை அப்படி நிற்கவைத்துவிடாதே, கண்ணே.

குட்டி நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறகு நானே அங்கே வந்து வாங்கிக்கொள்கிறேன், இதே கையால்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா