மணப்பெண்ணுக்கு வந்த முகம்

ஞாயிறு இரவு, தலவில

எங்கட ஊர்ப் பழைய கல்யாணக் கூத்து இண்டைக்குப் படங்களோடு புத்தகமாக வந்துவிட்டது. படமெல்லாம் நான் கீறினது. பூசை முடிய, கோயில் விறாந்தையில் பங்குச் சுவாமி புத்தகத்தைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்த சனம் சிரிக்கத் தொடங்கியது.

மணப்பெண்ணுக்கு என் புருசன் அந்தோனியின் முகம்.

வேணுமென்று செய்யவில்லை. கூத்தில் பெண் வேசமும் ஆம்பிளைகள்தான் கட்டுவார்கள். இவர் பத்து வருசம் மணப்பெண்ணாக ஆடினவர். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு வேறு முகம் வருவதில்லை. வலை இழுத்த தோள்கூட அப்படியே விழுந்துவிட்டது.

"அந்தோனியண்ணன் வடிவாத்தான் இருக்கார்," என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

இவர் இப்போது மீனவர் சங்கத் தலைவர். கோவிப்பார் என்று பயந்து, எனக்குத் தந்த புத்தகத்தை வீட்டு அலுமாரிக்குள் ஒளித்தேன். அதற்குள் ஆரோ சொல்லிவிட்டார்கள். பின்னேரம் தானே எடுத்து, கதிரையில் இருந்து, கனநேரம் பார்த்தார்.

"லோலாக்குக் கீற மறந்திட்டாய்," என்றார். "சனம் என்ன சொன்னது?"

"மணப்பெண் நீங்கள்தானாம்."

"ஓம், அது தெரியுது. மாப்பிள்ளை ஆரெண்டு ஒருத்தரும் கேக்கல்லயா?"

வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு முகம் வராமல், கண்ணாடியைப் பார்த்துக் கீறினது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மீசை வைத்த நான், இவர் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டு நிற்கிறேன்.