எதிர் நாற்காலியின் மூச்சு

மார்ச் 3

என் வாலுக்கு,

நலமா? குளத்தங்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டியிருக்கும் உனக்கு.

என்னிடம் மனநல ஆலோசனைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். மனைவி இறந்து ஆறு மாதம். வாயே திறப்பதில்லை. எங்கள் வழக்கம் தெரியுமே: எதிரே இருப்பவரின் மூச்சோடு முதலில் என் மூச்சைச் சேர்ப்பேன். பிறகு மெல்ல நிதானமாக்குவேன், தெரியாமலே அவரும் பின்னால் வந்துவிடுவார். இந்த மனிதர் மட்டும் அசைவேனா என்கிறார். மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்திவிடுகிறார். அடுத்த மூச்சு வருவதற்குள் ஐந்து எண்ணலாம். விடுவேனா நான்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அக்கா,

மூழ்குகிறவனைத் தூக்கப் போனால் அவன் கை நம் கழுத்துக்கு எட்டக்கூடாது. எங்களுக்கு முதல் பாடமே அதுதான். நீயோ கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். வீம்பு பிடிக்காமல் அவரை வேறு யாரிடமாவது அனுப்பிவிடு. பாப்பாவுக்குச் சித்தியின் முத்தம்.

உன் வால்

மார்ச் 19

திட்டாதேடி.

நேற்று அவர் வாய் திறந்தார். "கடைசி நாள்ல அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு மேடம். பக்கத்துல உக்காந்து நானும் கூடவே விட்டேன். அவ நிறுத்திட்டா. எனக்கு அதுலேருந்து வெளிய வரத் தெரியல."

எனக்கு அழுகை வந்தது, மூச்சு வரவில்லை. பன்னிரண்டு எண்ணினேன். இன்று சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து, "அம்மா, ஏன் பொம்மை மாதிரி இருக்க?" என்கிறாள். மூச்சு நின்றிருந்ததை நான் உணரவே இல்லை. பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 22

அக்கா,

போதும், நிறுத்து. டாக்டரிடம் போ. நேற்று ஃபோனில் நடுநடுவே நீ சத்தமே இல்லாமல் போனாய். லைன் அறுந்துவிட்டதென்று கத்தினேன். நீ அங்கேயேதான் இருந்திருக்கிறாய்.

உன் வால்

மார்ச் 28

என் தங்கமே,

டாக்டர் பார்த்துவிட்டார். நெஞ்சில் ஒரு குறையும் இல்லையாம். அந்த மனிதரும் இன்று வந்தார். ஆளே மாறிவிட்டார், மூச்சு சீராக ஓடுகிறது. "உங்களாலதான் மேடம்" என்று சிரித்தார். இனி வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷப்படவேண்டும் நான்.

பாப்பா என்னைவிட்டு நகர்வதில்லை. மத்தியானம் மடியில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் என் கை இருந்தது. என் மூச்சு நின்றது. அவள் முதுகு ஏறி இறங்குவதும் நின்றது. நான் இழுத்த பிறகுதான் அவளும் இழுத்தாள்.

கிடைத்த வண்டியில் ஏறி வா. அவளை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. அழுவாள், இளகிவிடாதே. என்னையும் வா என்று கூப்பிடாதே. வந்துவிடுவேன்.

அக்கா